மாதா கொடுத்த மெட்டு

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. நர்ஸ் யூனிஃபார்ம் இரண்டும் ஃபேனுக்கு அடியில்.

பூசையில் அறிவிப்பு: அடுத்த ஞாயிறு மாதா திருவிழாவுக்குப் புதுப் பாட்டு வேண்டுமாம். எங்கள் சர்ச் பங்கில் யார் வேண்டுமானாலும் மெட்டுப் போட்டு, வியாழனுக்குள் ஃபோனில் பதிவு செய்து ரெஜினா டீச்சருக்கு அனுப்பலாம். கொயரை, அதாவது பாடகர் குழுவை, நடத்துபவர் அவர். இனி ரெ.டீ.

போன கிறிஸ்மஸ் பூசையில் கொயரில் எல்லோரும் நிறுத்திய பிறகு நான் மட்டும் ஒரு வரி கூடுதலாகப் பாடிவிட்டேன். அதுவும் உச்சத்தில். ஃபாதர் திரும்பிப் பார்த்தார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா ஸ்டெல்லா" என்றார் ரெ.டீ. அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை.

மெட்டுப் போட்டவளையே பாட வராதே என்று சொல்ல முடியுமா? முடியாது. போடப் போகிறேன். பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் பாடுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது, பூசையில் இருந்துகொண்டே. எனக்கு என் இடம் திரும்ப வேண்டும்.

செப். 1, திங்கள்

மகள் ஜெனி ஃபோனில் ஒரு ஆப் ஏற்றித் தந்தாள். தபேலா, வயலின் எல்லாம் விரலாலேயே. "ரெட் பட்டன் ஒத்தினா ரெக்கார்ட்மா. அஷ்டே." அஷ்டே என்றால் அவ்வளவுதான். கன்னட ஊரில் வளர்ந்தவள், அவள் தமிழ் அப்படித்தான், பாதி கன்னடம்.

முதல் பதிவில் கேட்டவை: ஃபேன். குக்கர் விசில். என் வீட்டுக்காரர் செருமல். பக்கத்து வீட்டு நாய். நடுவில் மூக்கடைத்த ஒரு பெண்பிள்ளை. யாரடா இவள் என்று பார்த்தால், நான்.

இத்தனை வருடம் இந்தக் குரலோடா நடமாடினேன்? ஒரு பேஷன்ட் கூடச் சொல்லவில்லையே.

செப். 2, செவ்வாய்

எதிரொலிக்காக ஃபோனைப் பித்தளைச் சொம்புக்குள் வைத்துப் பாடினேன். கிணற்றில் விழுந்தவள் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஜெனி சொன்னபடி பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுப் பாடினேன். சத்தம் சுத்தம். ஆனால் நாப்தலீன் உருண்டை. "மரியே" என்று ஆரம்பித்தாலே தும்மல்.

அவர் பீரோவைத் திறந்தார். "ஏம் புள்ள, உள்ள என்ன பண்ற?"

"பாட்டு கம்போஸ் பண்றேன்."

மூடிவிட்டுப் போய்விட்டார். மாந்திரீகத்துக்குப் பேர்போன கொள்ளேகாலத்து மனிதர், எதற்கும் அதிர மாட்டார்.

கருவி எல்லாம் இருக்கிறது, மெட்டுதான் இல்லை. வருவதெல்லாம் ஏற்கெனவே யாரோ போட்டது. நைட் டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

செப். 3, புதன்

வந்துவிட்டது!!

டூட்டி முடிந்து வந்து படுத்தேன். அரைத் தூக்கத்தில், தூரத்திலிருந்து ஒரு மெட்டு. நெருங்கி வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. மெல்ல விலகிப் போனது. கண்ணைத் திறக்காமலே ஃபோனில் முனகி வைத்தேன். மாதாவே கொடுத்தது. எனக்கு ச-ரி-க-ம கூடத் தெரியாது, வேறு யார் கொடுப்பார்கள்?

அழுகை. பிறகு இரண்டு தோசை.

சாயங்காலம் வரிகள் எழுதினேன். மூன்று சரணம். எனக்குத் தமிழ் எழுத்தில் ஒரு பிரதி, தமிழ் படிக்கத் தெரியாத கொயர் பிள்ளைகளுக்காகக் கன்னட எழுத்தில் ஒரு பிரதி. அவரிடம் பாடிக் காட்டினால் இரண்டாம் வரியிலேயே கூடப் பாடுகிறார்! ஜெனியும்! நல்ல மெட்டுக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செப். 4, வியாழன்

நாப்தலீனை எடுத்துவிட்டு பீரோவில் பதிவு. தபேலா சேர்த்தேன். அனுப்பினேன்.

ரெ.டீ. வாய்ஸ் மெசேஜ்: "ரொம்ப நல்லாருக்கும்மா ஸ்டெல்லா. மனசுல அப்படியே ஒட்டிக்குது. ஃபாதருக்கும் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை ப்ராக்டிஸுக்கு நீயும் வா."

நீயும் வா. அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

செப். 5, வெள்ளி

நல்ல வெயில். காலையில் ஸ்பீக்கரை பால்கனிக்கு எடுத்துப் போய் பாட்டைப் போட்டேன். தபேலா சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கத்தான். தெரு கேட்கட்டும் என்று இல்லை. (கேட்கட்டும் என்றுதான்.)

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாடிக் கதவும். ரசிகர்கள் என்று நினைத்தேன். எதிர் வீட்டு சுமித்ராம்மா இரண்டு கையிலும் வாளி. மாடிவீட்டுப் பெண் கையில் பச்சை டப்பா, நீல டப்பா. மூலைவீட்டு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் மட்டையோடு ஓட்டம்.

"ஏனு மேடம், கசத காடி இவத்து இஷ்டு பேக பந்த்பிட்தா?" என்றார் சுமித்ராம்மா. குப்பை வண்டி இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதா என்று.

பாட்டை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் நிஜ வண்டி வந்தது, மைக்கில் அதே மெட்டோடு. அரைத் தூக்கத்தில் எனக்கு வந்தது மாதா அல்ல, மாநகராட்சி.

"ஏங்க, தினமும் குப்பை போடறது நீங்கதான? தெரியலையா?"

"எங்கியோ கேட்டாப்பல இருக்குதுன்னுதான் பாத்தேன். வாளியத் தூக்கிட்டு ஓடறப்ப பாட்ட எவன் கேக்கறான்?"

சொன்னால் கொயர் போச்சு. சொல்லாமல் பாடி எவராவது சிரித்தால் மானம் போச்சு. பி.பி. பார்த்தேன். கூடுதல்.

செப். 6, சனி

அவர் யோசனை: "மெல்லப் பாடிப் பாரு. வண்டி பஞ்சரானாப்பல." தபேலாவை எடுத்துவிட்டு இழுத்துப் பாடினேன். வேறு பாட்டாகவே ஆகிவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ப்ராக்டிஸுக்கு முன் மனது கேட்கவில்லை. ரெ.டீ.யைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டீச்சர், இந்த மெட்டு நான் போட்டதில்ல."

"எல்லாம் மேலருந்து வர்றதுதாம்மா. என்ன தாழ்மை உனக்கு!"

"மேலருந்து இல்ல டீச்சர். ரோட்டுலருந்து."

"ஆண்டவரும் ரோட்டுலதான நடந்தாரு? போய் உன் இடத்துல நில்லு."

நின்றேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

செப். 7, ஞாயிறு

கோவில் நிறைய ஜனம். கொயருக்கு வெள்ளைச் சேலை, கஞ்சி அதிகம், உட்கார்ந்தால் மொடமொட.

முதல் சரணம் நாங்கள் மட்டும். நன்றாகவே வந்தது. இரண்டாவதில் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். பிறகு ஒரு வரிசை. பிறகு கோவிலே பாடுகிறது! வரிகள் அச்சடித்த தாள் கையில் இருந்தது; ஆனால் யாரும் சொல்லிக் கொடுக்காத மெட்டு, ஒரு இடத்தில் கூடத் தப்பவில்லை. ஏன் தெரிகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஃபாதர் முகத்தில் அற்புதம் கண்ட சந்தோஷம். பெஞ்சில் என் வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க.

எனக்கும் சிரிப்பு முட்டியது. அடக்கப் போய் அழுகையாக வந்துவிட்டது. குரல் நின்றுபோனது. என் பாட்டை எல்லோரும் பாடுகிறார்கள், நான் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

ரெ.டீ. கைக்குட்டையை என் கையில் திணித்தார். காதோடு சொன்னார்:

"எங்க தெருவுக்கும் அந்த வண்டிதாம்மா வருது. மூக்கத் துடை. மூணாவது சரணம் பாக்கி இருக்கு."