பதினொரு பொய்க் குறிகள்

லொரெட்டா,

காலையில் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் தம்பி கர்ட், நாய். நான் மட்டும் தரையில் மல்லாந்து கிடந்தேன்.

முதுகுவலிச் செயலி இன்று ஒரு காலை நீட்டிக்கொண்டே இடுப்பை உயர்த்தச் சொன்னது. உயர்த்தினேன், பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் உறைந்த பனியைக் கரைக்க உப்பு கொண்டுவந்த கர்ட், "என்ன மச்சான், கூரையில ஓட்டை தேடுறீங்களா?" என்றான்.

"சிரிக்காம தூக்குடா" என்றேன்.

பிறகு செயலியில் பழைய பதிவுகளைப் பார்த்தேன். முப்பத்திரண்டு நாளும் பயிற்சி முடிந்ததாகக் குறி இருக்கிறது. அதில் பதினொன்று உன் டேப்லெட்டிலிருந்து போட்டவை. அந்த நாட்களில் நான் பாயையே விரிக்கவில்லை. நான் தேறிவிட்டதாக நம்பி, செயலி என்னைக் கடினமான கட்டத்துக்கு ஏற்றிவிட்டது.

கிடங்கின் இரவு வேலையை விட்டதுபோல் இதையும் விட்டுவிடுவேன் என்று பயந்திருப்பாய். என்னைக் கேட்டிருக்கலாம். சண்டை வந்திருக்கும், இடுப்பு தப்பியிருக்கும்.

பெரோகிக் கொழுக்கட்டை குளிர்பெட்டியில் இருக்கிறது. வெண்ணெயில் வதக்கினால் போதும்.

வெண்டல்

பி.கு. செயலியை முதல் கட்டத்துக்குத் திருப்பிவிட்டேன். கடவு எண்ணையும் மாற்றியாயிற்று. வலி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் என்னிடம் கேள்.

இன்னொன்று. பிடிப்பு கொஞ்சம் விட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் இன்றைக்குப் பத்து நிமிட நடை மட்டும்தான். நீ நாலு மணிக்கு வரும்போது நான் திரும்பியிருக்காவிட்டால் கர்ட்டைக் கூப்பிடாதே, நீயே ஏரிப் பக்கம் வா. உன்னிடம் சாவி இருக்கிறது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.