இஸ்திரி போட்ட சட்டை

மார்ச் 3
அப்பா மறுபடியும் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துவிட்டார். தொட்டிலில் குழந்தை. நான் குளியலறையில். வாடை வந்து ஓடினேன். அடுப்பை மூடி, சன்னல்களைத் திறந்தேன். “என்னம்மா, சிலிண்டர் லீக்கா?” என்கிறார்.

மார்ச் 9
முதியோர் இல்லம் போனோம். அரசு செலவில் முப்பது படுக்கை. காத்திருப்போர் இருநூற்றுப் பத்து பேர். “பத்து வருஷத்துல இது ரெண்டு மடங்காகும். படுக்கைக்கு வர்ற நிதி மட்டும் அப்படியேதான் இருக்கு” என்றார் மேலாளர். எனக்கு எழுபது ஆகும்போது? கணவரிடம் கேட்டேன். “இப்பவே பேரைக் குடுத்து வைப்போம்.” சிரிப்பு வரவில்லை.

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். “வண்டி ஃபுல்லா? அடுத்ததுல ஏறிக்கலாம்” என்றார். அடுத்தது ஏது அப்பா?

இடம் தருவதற்கு முன் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து மதிப்பெண் போடுவாராம். எவ்வளவு முடியவில்லையோ, அவ்வளவு முன்னுரிமை.

மார்ச் 17
நாளை வருகிறார். வீட்டைத் துடைத்தேன். அப்பாவுக்கு முகச்சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் வேறென்ன செய்வது?

மார்ச் 18
“உக்காருங்க ஐயா.”
“நின்னே பழக்கம் சார்.”
“நீங்களே குளிப்பீங்களா?”
“பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா வருவான்?”
அதிகாரி சிரித்துவிட்டார். தினமும் குளிப்பாட்டுவது நான். சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மார்ச் 26
கடிதம் வந்தது. வீட்டுப் பராமரிப்பே போதுமாம். “நீ இஸ்திரிப் பெட்டிய எடுத்தப்பவே நினைச்சேன்” என்கிறார் இவர். நினைச்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

மார்ச் 27
மறுமதிப்பீடு ஒரே முறைதான். அழுக்குச் சட்டையோடு நிறுத்தி வைக்கவா? பெற்றவரை நாறவிட்டு இடம் வாங்கவா? சீ. ஆனால் அந்த அடுப்பு—

ஏப்ரல் 6
குழந்தையைத் தூக்க அப்பா கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் மறுபடி நீட்டவில்லை.

ஏப்ரல் 11
இன்று மறுமதிப்பீடு. மனசு கேட்கவில்லை. குளிப்பாட்டி, அதே சட்டையைப் போட்டுவிட்டேன். போனால் போகட்டும்.

“நீங்களே குளிப்பீங்களா?”

அப்பா பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். “இல்ல சார். பொண்ணுதான் குளிப்பாட்டுது. இந்தச் சட்டையும் அவ போட்டதுதான். ரெண்டு தடவ அடுப்பத் திறந்து விட்டுட்டேன். புள்ள உள்ள இருந்துச்சு.”

அப்படியென்றால் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

மே 20
இல்லத்தில் சன்னலோரப் படுக்கை. சட்டைகளை அலமாரியில் அடுக்கினேன். குழந்தையைக் கேட்டார், கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடி மடியில் வைத்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்து இரண்டு விசில் அடித்தார். வண்டி புறப்படலாம்.

நான்தான் நகராமல் நின்றேன்.