ஆம்ப்ரோஸுக்காக ஒரு மன்றாட்டு

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை-4
27-2-1977, ஞாயிறு

அன்பு மகள் ஜோனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் லுசாக்காவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. நீல ஏர்மெயில் தாள் போதாது என்று இந்த முறை வெள்ளைத் தாளில் எழுதுகிறேன், தபால் செலவைப் பற்றிக் கோபிக்காதே. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்கிறேன். மேல் போர்ஷன்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், மாடிப்படியில் காலடிச் சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல் இருக்கிறது. சமைப்பது ஒரு வேளைதான், அதையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்கிறேன், ரேடியோவை அணைக்காமல் விட்டுவிடுகிறேன்.

அடையாற்றுப் பெரியப்பா உனக்கு எழுதியிருக்கிறார் என்று உன் கடிதத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு அரசியல் எதற்கு, நாம் கொஞ்சம் பேர், ஜெபமும் வேலையும் உண்டு என்று இருக்கக்கூடாதா, அப்பா இருந்தால் இதை விட்டிருப்பாரா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். ஒரு வருஷமாக உன்னிடம் நான் எதையும் எழுதவில்லை, உண்மைதான். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. உனக்கு மழையைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியுமே எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது தேர்தல் வருகிறது, ஜனங்களும் வாய் திறந்து பேசுகிறார்கள், ஆகையால் நடந்ததை என் வாயாலேயே நீ கேட்டுக்கொள்.

நம் தெருவில் நாலாவது வீட்டு ஆம்ப்ரோஸை உனக்குத் தெரியும், உன் ஸ்கூல் யூனிஃபாரம் எல்லாம் அவர் தையல் மிஷினில்தான் தைத்தது. கோவில் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அதோடு அவர் கட்சியில் வட்டச் செயலாளர். ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் கட்சிக்கொடி என்று பெரியப்பா கேலி செய்வார். போன வருஷம் இங்கே ஆட்சியைக் கலைத்தார்கள் அல்லவா, அந்த வாரமே விடியற்காலையில் போலீஸ் வேன் வந்து அவரைக் கூட்டிப் போய்விட்டது. மிசா என்றார்கள், விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டமாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே அவர் மனைவி சொர்ணம் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் தெரியுமா. அவரால் தண்ணீர்க் குழாய் வந்த இந்தத் தெருவிலேயே அந்தக் குழாயடியில் அவளோடு நின்று பேச ஆள் இல்லை. கோவிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை ஜோன், பயம். ஒரு ஞாயிறு நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவள் நம் வீட்டுக்கு வந்துவிடுவாள், இரண்டு பேருமாக ஜெபமாலை சொல்வோம், அழுதால் அழுவாள், பிறகு காப்பி குடித்துவிட்டுப் போவாள்.

அப்போது ஞாயிறு இரண்டாம் பூசையில் மன்றாட்டு வாசிப்பது நான்தான். பெண்பிள்ளை பீடத்துப் படி ஏறக்கூடாது என்று எனக்குக் கீழே தனியாக ஒரு மைக் வைத்திருந்தார்கள். தபசுக் காலம், இதே போல ஒரு ஞாயிறு. சாமியார் எழுதிக் கொடுத்த தாளில் பாப்பரசருக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, மழைக்காக, நோயாளிகளுக்காக என்று இருந்தது. எல்லாவற்றையும் வாசித்தேன். தலைவர்களுக்காக வேண்டும்போது சபை முழுக்கச் சத்தமாகப் பதில் சொன்னது. எனக்கு என்ன தோன்றியதோ, தாளை மடித்துவிட்டு, சிறையில் இருக்கிறவர்களுக்காகவும், அவர்கள் மனைவி மக்களுக்காகவும், நம் பங்கைச் சேர்ந்த ஆம்ப்ரோஸுக்காகவும் உம்மை மன்றாடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். கோவிலில் ஒரு குரல் எழவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான். சொர்ணம் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், அவளால் எப்படிச் சொல்ல முடியும். கடைசியில் பீடத்திலிருந்து சாமியாரே, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று தனியாகச் சொன்னார்.

பூசை முடிந்து என்னைப் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்ரீஸ்து அறைக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், அது மன்றாட்டு, அதனால நான் பதில் சொன்னேன். ஆனா எனக்கு ஸ்கூல் இருக்கு, அநாதைப் பிள்ளைங்க இருக்காங்க. அடுத்த வாரத்துல இருந்து வேற யாராவது வாசிக்கட்டும்" என்றார். நான் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் டியூஷனுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பெரியப்பா வந்தார், உட்காரவில்லை, செருப்போடு வாசலில் நின்றபடியே, "ஐரின், ஆட்சி இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும், நம்ம கோவில் இங்கேயேதான் இருந்தாகணும். உன்னால எல்லாருக்கும் ஆபத்து" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, அவர் பையன் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறான். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடையாற்றிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. பூசையிலிருந்து வந்து மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டேன். உனக்கு எழுதிய கடிதத்தில் பிரியாணி என்று எழுதினேன்.

போன மாதம் ஆம்ப்ரோஸை விட்டுவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டார், இடது காது சரியாகக் கேட்கவில்லை. இப்போது பார், கோவில் வாசலில் அவருக்குக் கைகொடுக்காத ஆள் இல்லை, பெரியப்பாகூட அடையாற்றிலிருந்து வந்து சால்வை போட்டார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. போன வாரம் ஆம்ப்ரோஸும் சொர்ணமும் வீட்டுக்கு வந்தார்கள். தேர்தல் கூட்டத்தில் மேடையேறி, கோவிலில் நடந்ததை நான் சொல்ல வேண்டுமாம். நான் முடியாது என்றேன். உங்க கட்சிக்கு ஓட்டுப் போடுவேன்னுகூட என்னால வாக்குக் கொடுக்க முடியாது ஆம்ப்ரோஸ் என்றும் சொன்னேன். உனக்குத் தெரியாததா, அப்பா காலத்திலிருந்து இது காங்கிரஸ் வீடு. இந்தத் தடவை அவர்களுக்குப் போடவும் மனம் வரவில்லை, இவர்கள் சாமியைத் திட்டிப் பேசியதும் மறக்கவில்லை. யாருக்கென்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் முகம் சிறுத்துவிட்டது. "இன்னா டீச்சர், அப்போ இன்னாத்துக்கு எனக்காக வேண்டிக்கினீங்க?" என்று கேட்டார். நீங்க உள்ள இருந்தீங்க, அதுக்காக என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை ஜோன். சொர்ணம் தலையைக் குனிந்தபடியே எழுந்து போனாள். அன்றிலிருந்து ஜெபமாலைக்கு அவள் வரவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். கிறிஸ்தவர்கள் எல்லோரும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல நான் யார். நான் அரசியலைத் தேடிப் போகவில்லை. நாலு வீடு தள்ளி ஒருத்தி தனியாக நின்றாள், அவ்வளவுதான். நாளைக்கு இவர்கள் ஆட்சிக்கு வந்து எதிர்க்கட்சிக்காரன் ஒருவனைப் பிடித்துப் போட்டால் அவன் பெண்டாட்டி பக்கத்திலும் போய் உட்காருவேன். அப்போது ஆம்ப்ரோஸே என்னோடு பேசமாட்டார் போலிருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு, மனசு கேட்காமல் சாயங்காலம் நானே சொர்ணத்தைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் கச்சேரி ரோடு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள், ஒலிபெருக்கி நம் தெருவரைக்கும் கேட்டது. ஆம்ப்ரோஸ்தான் பேசிக்கொண்டிருந்தார். "நான் உள்ள இருந்தப்போ, நம்ம கட்சியில இல்லாத ஒரு டீச்சரம்மா, கோயில்ல எனக்காக என் பேரைச் சொல்லி வேண்டிக்கினாங்க. அவங்க ஓட்டு நமக்கு இல்லீங்க. இல்லாட்டி போவுது" என்றார். கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது, வெகு நேரம் தட்டியது. பூட்டிய கதவுக்கு முன்னால் நான் தனியாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. வந்து முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தமது கையில் வைத்துக் காப்பாராக. குழந்தை நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மலேரியா மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளையையும் மறக்கவிடாதே. அம்மா செய்தது தப்பு என்று தோன்றினால் தப்பு என்றே எழுது, ஆனால் எழுது. தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகிற நாள்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன் அன்புள்ள அம்மா,
ஐரின்