சவுக்கைக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 18, 1956

மகள் வயிற்றுப் பேத்தி நாச்சியார் பேப்பர் வாசித்தாள். செங்கோட்டையைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து நம் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். அவள் கைதட்டினாள். நான் பேப்பரைப் பிடுங்கி மடித்தேன். இருபது வருசமாக என் சத்தியத்துக்குக் காவலே அந்த எல்லைதான்.

மறந்துவிடக் கூடாது, எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் தவறினபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவர வேண்டியவன் செங்கோட்டையில் இருக்கிற தாணுமாலய அண்ணன். வரவில்லை. ஊரார் முன்னால் நாத்தனார் சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து வெறுங்கையோடு வந்து, "சுங்கச் சவுக்கையில புதுத்துணின்னு பிடிச்சு வச்சுட்டான், தங்கச்சி" என்றான். மூட்டை மூட்டையாக மிளகு கடந்துபோன சவுக்கை. ஒரு சேலை கடக்காதா? "இனித் திருவிதாங்கூர் மண்ணை மிதிக்க மாட்டேன்" என்று இசக்கியம்மன் மேல் சத்தியம் பண்ணிக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 24

நல்ல சாரல். குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிற சைதூன் பீவி சொன்னாள்: "ஆச்சி, லீவுல வந்த ஒங்க மவன் அஞ்சருவியில மாமனுக்கு முதுகு தேச்சுக்கிட்டு நின்னாரு. பாக்க அம்புட்டு அழகு!"

மாமனா! தில்லைநாயகத்திடம் கேட்டேன். "கூட்டத்துல யாரோ பெரியவரும்மா" என்கிறான். பட்டணத்து உத்தியோகம் பொய்யும் சொல்லிக் கொடுக்குமோ?

செப்டம்பர் 4

ஐதராபாத் பக்கம் பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழுந்ததாம். தில்லைக்கு எழுதினேன் - மழைக்காலத்தில் வராதே.

நவம்பர் 1

செங்கோட்டை இன்று முதல் நம்முடையது. தெருவெல்லாம் வேட்டு, சீனி மிட்டாய். அண்ணன் ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "இனி இது திருவிதாங்கூர் மண்ணு இல்ல. தங்கச்சிய வரச் சொல்லு."

நக்கலைப் பாரு. என் சத்தியத்தைக் கலைக்க டெல்லிக்காரனுக்கு யாரு அதிகாரம் கொடுத்தா? இவனுகளுக்கா வெயில்ல நின்னு ஓட்டுப் போட்டேன்?

நவம்பர் 20

தில்லை கடிதம். வியாழன் ராத்திரி தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறுகிறானாம். அதிரசத்துக்கு அரிசி நனைக்க வேண்டும்.

நவம்பர் 23, வெள்ளி

அரியலூர் கிட்ட. ஆற்றுப் பாலம். அதே வண்டி. கடை ரேடியோவில் கேட்டுவிட்டு நாச்சியார் ஓடி வந்தாள். "முழுசாச் சொல்லுட்டி" என்றேன்.

நவம்பர் 24

விடிந்ததிலிருந்து தென்காசி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். தந்தி இல்லை. பேப்பரில் போட்ட பேர்களை நாச்சியார் மூன்று தடவை வாசித்தாள். அவன் பேர் இல்லை. இல்லையென்றால் என்ன அர்த்தம்?

இசக்கி, என் பிள்ளயக் கொடு. என் சத்தியத்த நீயே எடுத்துக்கோ.

நவம்பர் 25

கொடுத்தாள். எப்படிக் கொடுத்தாள் பாரு.

காலையில் வந்து நிற்கிறான், சட்டை கசங்காமல். பின்னால் அண்ணன். அந்த வண்டியில் இவன் ஏறவே இல்லை. செவ்வாயே புறப்பட்டு, புதன் முதல் செங்கோட்டையில் மாமன் வீட்டில். அண்ணன் மகள் குழல்வாய்மொழியைப் பேசி முடிக்க. எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் வியாழன் ஏறுவதாக எழுதினானாம். நேற்று இருட்டின பிறகுதான் பேப்பரைப் பார்த்தார்களாம்.

அறைந்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு இன்னொரு அறை.

"ஒரு வார்த்த சொல்லப்பிடாதால?"

"சொன்னா விட்டிருப்பியாம்மா?"

அண்ணன் படி ஏறவில்லை. "நீ கூப்பிட்டாத்தான் வருவேன், தங்கச்சி."

கூப்பிடவில்லை.

நவம்பர் 29

அம்மனிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா? எல்லாரும் ஏமாற்றினார்கள். கடைசியில் நானும் என் சத்தியத்தை ஏமாற்றத்தான் போகிறேன்.

டிசம்பர் 7, வெள்ளி

ஹாக்கியில் பாகிஸ்தானை ஜெயித்துத் தங்கம் வாங்கிவிட்டோமாம். செங்கோட்டை பஸ் முழுக்க அதே பேச்சு. சவுக்கை வந்தது. ஆளில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு ஆடு கட்டியிருந்தது. இதற்காகவா இருபது வருசம்?

நிச்சயம் முடிந்தது. மதினி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்துக் காட்டினாள். மடிப்புக் கலையவில்லை. ஓரத்தில் நீல மையில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை, சவுக்கையில் பிடித்துவைத்த தேதியோடு. கோடி போட்ட நாளுக்கு முந்தின நாள்.

"இத்தன வருசமா ஏன் மதினி காட்டல?"

"நீ எங்கட்டி கதவத் தெறந்த?"

அதற்கும் என்னிடம் பதில் உண்டு. இன்னொரு நாள் சொல்வேன்.

குழல்வாய்மொழி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மண்ணை மிதிக்க மாட்டேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றும் அன்றைக்கே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். விட்டது என் தப்பு.

குடித்தேன்.