மாலை போட்ட படம்

அன்பு மச்சாள்,

சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. இங்கத்தைய சங்கம் பேஸ்புக்கில் போட்ட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, செத்தவீட்டுக்கு வருவதுபோல ஊர்ச்சனம் உங்கள் வாசலுக்கு வந்ததாம். நெற்றிப் பொட்டை அழிக்கவும் சொன்னதாம்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை இங்கே டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகர மண்டபத்தில் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலிக் கூட்டம். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். மேடையில் என் அண்ணையின் படம்! நெற்றியில் சந்தனம், கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. கடைசிச் சண்டையில் காணாமல்போன மனிதரை இவர்கள் எப்போது சாகடித்தார்கள்?

சங்கத் தலைவர் பரஞ்சோதியிடம் கேட்டேன். அவர் வாயில் மட்டன் ரோல்.

"எத்தினை வருசமாச்சு தங்கச்சி, இனி எங்க வரப்போறார்? பட வரிசையில ஒரு இடம் வெறுமையாக் கிடந்தது, அதான் வைச்சனாங்கள்."

நேரே மேடையில் ஏறினேன். மாலையைக் கழற்றி அவருடைய ரோல் தட்டிலேயே போட்டேன். "விசர் மனுசி" என்றார்கள். சொல்லட்டும்.

அண்ணை வருவார் என்று அவருடைய வயலைத் தனியே விதைக்கிறவர் நீங்கள். அவரைச் செத்தவர் என்று சொல்ல இவர்கள் யார்?

படம் இப்போது என் குசினி மேசையில் இருக்கிறது. அண்ணையின் நெற்றிச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். உங்கள் பொட்டை நீங்கள் அழிக்க வேண்டாம்.

உங்கள் விசர் மச்சாள்