செவலை விற்கவில்லை

வியாழன், இரவு

இன்றைக்குத் தூக்கம் வராது. இந்தச் சந்தோஷத்தை வீட்டில் சொல்லவும் முடியாது.

முந்தாநாள் மாடு வளர்ப்போர் முகநூல் குழுவில் ஒருவர், "பொள்ளாச்சிச் சந்தைல கறவை மாடு வாங்கப் போறனுங்க, எதப் பாக்கோணும்?" என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதினேன். "மடி பெருசா இருக்குதேன்னு ஏமாந்துடாதீங்க. காலைல பீச்சாமயே ஓட்டியாந்திருப்பாங்க. இப்பப் பீச்சச் சொல்லுங்க, சாயங்காலம் மறுக்காப் பீச்சச் சொல்லுங்க. அப்பறமா வெலை பேசுங்க."

எழுதும்போது எங்கள் வீட்டுச் செவலை ஞாபகத்துக்கே வரவில்லை. இன்று காலை என்னவர் அதைப் பீச்சாமல்தான் அதே சந்தைக்கு விற்க ஓட்டிப் போனார். பொழுது சாய, அதே மாட்டோடு திரும்பி வந்தார்.

சாப்பிடும்போது வெடித்தார். "வெலை படியற நேரத்துல, வாங்க வந்தவன் சாயங்காலம் மறுக்காப் பீச்சுங்கறான் அம்மணி! எவனோ சொல்லிக் குடுத்துப்போட்டான். மாட்டப் பத்தி நல்லாத் தெரிஞ்சவனாத்தான் இருக்கோணும்!"

கல்யாணமான நாளிலிருந்து, தினமும் பால் பீச்சுகிற என்னைப் பார்த்து, "உனக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்கிறவர் இவர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கரண்டியை எடுத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றேன்.