சாம்பல் பூசிய உமது ரோலர்

கீழ் வீட்டு டேனிஷ்காரர் இன்று காலை தன் சைக்கிள் கொட்டகைக்குச் சாம்பல் நிறப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். யன்னலைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. உம்முடைய ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. செத்த மனிசனோடு இன்னும் என்ன கோபம் என்று மனைவி கேட்கிறாள். ஆள் போனால் கோபமும் சேர்ந்து போய்விடுமா? ‘அன்புள்ள’ என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போர் முடிந்த வருடம், வைகாசியில் அந்தப் படம் என் கைக்கு வந்தது. சனம் கடலால் தப்பி ஓடிய கடைசி நாட்களில், பின்னால் வந்த வள்ளத்தில் இருந்த ஒருவர் கைபேசியில் எடுத்த படம். என் தம்பி இருந்த வள்ளம் தண்ணீர் ஏறி அமிழ்கிறது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கடற்படைக் கப்பல். நீலக் கட்டம் போட்ட சேர்ட்டோடு தம்பியை இரண்டு பேர் கையைப் பிடித்து மேலே ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் ஒருவருமில்லை. எந்தக் கப்பல் என்று தெரிந்தால் அவனை எந்தக் கரையில் இறக்கினார்கள் என்று கேட்கலாம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அம்மா அதைத்தான் கேட்பார். “கப்பலைக் கண்டுபிடிச்சிட்டியோ அப்பு?”

நான் வயல்காரன். வள்ளத்துக்கு எது முன், எது பின் என்றே தெரியாதவன். நீர் மன்னார்க் கரையில் பிறந்தவர். இங்கே ரண்டர்ஸ் நகரில் ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் பெட்டி அடுக்கிய பழக்கத்தில் உம்மிடம் படத்தைக் காட்டினேன். நீர் அதை வெகுநேரம் பார்த்தீர். கண் கலங்கியது. எனக்காகத்தான் கலங்குகிறீர் என்று நினைத்தேன், மடையன். பிறகு சொன்னீர்: “ஐசே, இதை என்னட்டை விடும். கடலிலை ஓடுறது எதெண்டாலும் நான் சொல்லுவன்.”

சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போனோம். அங்கு வேலை செய்த டேனிஷ் பெண்மணி எங்களுக்காகக் கோப்பன்ஹேகனிலிருந்தும் கப்பல் புத்தகங்களை எடுப்பித்துத் தந்தார். நீர் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவீர். அவர் கண்ணாடிக்கு மேலால் முறைப்பார். நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் போலச் சிரிப்பை அடக்குவோம். உண்மையைச் சொன்னால் அந்தச் சனிக்கிழமைகள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. அதையும் சேர்த்துத்தான் கெடுத்தீர்.

ஒருநாள் ஒரு சண்டைப் படகின் படத்தில் விரலை வைத்தீர். “இதுதான் ஐசே. மேல்தட்டைப் பாரும், அப்பிடியே இருக்கு.” காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்கு அந்தப் படகின் இலக்கத்தை எழுதி அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் படகு அந்த மாதங்களில் திருத்த வேலைக்காகக் கரையில் ஏற்றி நின்றதாம், தேடலை முடித்துக்கொள்கிறார்களாம். “அவங்கள் பொய் சொல்லுறாங்கள்” என்றீர். நம்பினேன். அடுத்த மாரியில் அம்மா போய்விட்டார், அந்தக் கேள்வியோடேயே.

பிறகு ஒருநாள், நீர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கப்பலோட்டியின் அறைக்கு முன்பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், அதன்மேல் குறுக்காக இரண்டு பட்டை. இது என்ன என்று டேனிஷில் கேட்டாள். “அது காத்துப் போற ஓட்டை” என்றீர். காற்றுப் போகிற ஓட்டையை ஏன் பலகை வைத்து அடைக்க வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். “பெரியாக்கள் சொல்லேக்கை குறுக்கை கதையாதை” என்று நான்தான் அவளை அதட்டினேன். நீர் கோப்பியை ஊதி ஊதிக் குடித்தீர்.

அந்தக் கோடையில் தமிழ்ச் சனம் கூடும் திருவிழாவில், டோஸ்ட்ருப்பிலிருந்து வந்திருந்த உமது ஊர் அக்கா ஒருவருக்குப் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“தம்பி, இது சுரூபக் கூடெல்லோ? அந்தோனியாரை வைக்கிற கூடு. வள்ளத்தை விக்கேக்கை சுரூபத்தை இறக்கிப்போட்டு, கூட்டை அடைச்சுக் குறுக்காலை செப்புத் தகடு அடிப்பினம். எங்கட கரையிலை மட்டுந்தான் அந்த வழக்கம். இது கப்பலில்லை, பெயின்ற் அடிச்ச ரோலர். உங்கட சிநேகிதற்ற தேப்பன்ர ரோலரும் அச்சொட்டா இப்பிடித்தான் இருந்தது.”

ரோலர். மீன்பிடி இழுவைப் படகு. எந்தக் கடற்படைப் புத்தகத்தில் அது இருக்கும்?

அன்று பின்னேரமே உமது வீட்டுக்கு வந்தேன். நீர் மறுக்கவில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னீர்.

“ஓம். முதல் நாளே தெரியும். அந்தத் தகடு அடிச்சது நான். இஞ்சை வாறதுக்கு முன்னம் தெற்கிலையிருந்து வந்த ஒரு வியாபாரிக்கு வித்தனான். அவன் ஆருக்குக் குடுத்தானோ தெரியாது. உம்மட தம்பியை ஏத்திக்கொண்டு போனது என்ர அப்பான்ர ரோலர் எண்டு உம்மட முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது ஐசே?”

“வேறை படகைக் காட்டித் தந்தீரே, அதுக்கு வாய் வந்ததோ?” என்று கேட்டேன். நீர் அழுதீர். எனக்கு உமது அழுகை தேவைப்படவில்லை. ரோலரின் பதிவு இலக்கம்தான் தேவைப்பட்டது, அதுவும் ஒன்பது வருடத்துக்கு முன்னால், அம்மா உயிரோடு இருந்தபோது. வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வெளியேறினேன். உமது மனைவி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

மூன்றாம் நாள் என் வீட்டு மணியை அடித்தீர். கதவுத் துளையால் பார்த்தேன். மழையில் நனைந்த தொப்பி, கையில் ஒரு கடித உறை. “ஐசே, எல்லாம் எழுதிக் கையெழுத்து வைச்சுக் கொண்டந்திருக்கிறன். இதை மட்டும் வாங்கும்” என்றீர். நான் திறக்கவில்லை. நீர் போகும் வரைக்கும் அசையவில்லை. அதற்கடுத்த கிழமை உமக்கு மாரடைப்பு. செத்த வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் கை வைக்கவில்லை.

பிறகு நான் மறுபடி விண்ணப்பித்தேன், இந்த முறை ரோலர் என்று. போன மாதம் பதில் வந்தது. தேடலைத் திறக்கலாம், ஆனால் அந்தப் படகை விற்றவர் பதிவு இலக்கத்தோடு கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும். மகள் கடிதத்தை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உமது மனைவியிடம் ஓடினேன். “நீங்கள் கதவு திறக்கேல்லை எண்டு வந்து கிழிச்சு அடுப்பிலை போட்டார்” என்றார். அவருக்கு இலக்கம் தெரியாது. உமக்கு மனப்பாடமாம்.

உம்மை மன்னிக்க எனக்கு இன்றைக்கும் மனமில்லை. தம்பிக்கும் அம்மாவுக்கும் நீர் செய்ததை நினைத்து உம்மைத் திட்டத் தொடங்குகிறேன். இரண்டு வசனத்துக்குமேல் போக முடிவதில்லை. மூன்றாவதில் நான் வந்து நிற்கிறேன், கதவுக்கு இந்தப் பக்கம், மூச்சை அடக்கிக்கொண்டு.